யாரையும் வழி கேட்காமல்

"எந்த ஊருக்குப் போகோணும், சொல்லுங்க. போட்டுக் காட்டறேன்" என்றான் கடையில் வழி காட்டுகிற பெட்டியைக் கையில் வைத்திருந்த கந்தவேல். மருதாசலம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழனின்னு போடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சாமியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழனிக்கு வழி தெரியாதா இந்த மனுசனுக்கு? வருஷா வருஷம் நடந்தே போய்விட்டு வருகிற ஆள், கோயமுத்தூர் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு வந்து, ஏசிக் கடையில் நின்று பழனிக்கு வழி பார்க்கிறார்.

போக வேண்டிய ஊர் உசிலம்பட்டியைத் தாண்டி உள்ளே எங்கோ இருக்கிற பூசாரிபொட்டல். அங்கேதான் அவர்களுடைய ஒரே மகள் பூங்குழலி இருக்கிறாள். திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி டெய்லராக இருந்த மாதவனோடு அவள் போய் இது இரண்டாவது வருஷம். இந்த வீட்டில் இனி அவள் பேரை எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே மருதாசலம் சொல்லிவிட்டார். சாமியாத்தாளும் எடுக்கவில்லை. அடுப்படியில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டதை யார் கண்டார்கள்? போன வாரம், அவர்கள் ஊரான நெருப்பெரிச்சலில் அவர்களுடைய நிட்டிங் கம்பெனியில் லோடு ஏற்றுகிற காசிமாயன் புழக்கடைப் பக்கமாக வந்து நின்றான். அவனும் அந்த உசிலம்பட்டிச் சீமைக்காரன்தான். "அம்மா, பாப்பாவுக்குப் புள்ள பொறந்து தங்கலையாம்மா" என்றான். ஆண் பிள்ளையாம். சாமியாத்தாள் கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

பேச்சுவார்த்தை இல்லாத வீடென்றாலும் துக்கம் கேட்கப் போகாமல் இருக்கிற வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது. மருதாசலம் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, "போலாம்" என்றார். போவது யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். காசிமாயன் தானே கூட வந்து வழி காட்டுவதாகச் சொன்னான். "லோடு ஏத்தறவன் கையப் புடிச்சுக்கிட்டுப் போயி எம்மக ஊட்டு வாசல்ல நிக்கறதா?" என்று மருதாசலம் எகிறினார். டிரைவர் வைத்துக்கொண்டாலும் சேதி நெருப்பெரிச்சலுக்கு வந்துவிடும். தாமாகப் போனால் வழி கேட்க வேண்டும். அதுதான் அவருக்கு முடியாத காரியம். வழி சொல்லுகிறவன் எந்த ஊரிலாவது சும்மா கையைக் காட்டிவிட்டு விடுவானா? நீங்க எந்தூரு, யார் வீட்டுக்கு, அவங்களுக்கு நீங்க என்ன வேணும் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் கையையே தூக்குவான். அந்த மூன்றாவது கேள்விக்கு மருதாசலத்திடம் பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு எக்ஸ்போர்ட்காரர் தன் காரில் ஒட்டியிருந்த பெட்டியைக் காட்டியிருக்கிறார். ஊர்ப் பேரைத் தட்டினால் போதுமாம், அதுவே கூட்டிக்கொண்டு போகுமாம், திருப்பி ஒரு வார்த்தை கேட்காதாம். திருப்பூரில் வாங்கினால் தெரிந்தவன் எவனாவது பார்ப்பான் என்று கோயமுத்தூருக்கு வந்திருக்கிறார்கள்.

பெட்டியில் பழனிக்குக் கோடு விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை இங்கிலீசில் பேசினாள்.

"லெப்ட்டு ரைட்டுங்குதே, கெழக்கால மேக்காலன்னு சொல்லாதுங்களா?" என்றார் மருதாசலம்.

"அது சொல்லாதுங்க" என்று கந்தவேல் சிரித்தான்.

மருதாசலம் அடுத்துத் தூத்துக்குடி என்றார். அதற்கடுத்துப் பெங்களூர். ஒவ்வொன்றுக்கும் பலே பலே என்று தலையாட்டினார். சாமியாத்தாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பூசாரிபொட்டல்னு போடுங்க கண்ணு."

அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மருதாசலம் கண்ணாடி அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கந்தவேல் தட்டினான். அழித்துவிட்டு வேறு மாதிரி தட்டினான். பெரிய பெட்டி ஒன்றை எடுத்து வந்து அதிலும் தட்டினான்.

"ரெண்டுலயுமே இல்லீங்க. உசிலம்பட்டி வரைக்கும் நல்லாக் கூட்டிட்டுப் போயிரும். அதுக்கப்பறம் யாரையாச்சும் கேட்டுக்கலாங்க."

மருதாசலத்தின் முகம் செத்துப்போனது. "புது மேப்பு வருமுங்களா?"

"அடுத்த வருசம் வருமுங்க."

"அப்ப வரட்டும். அது வந்ததும் வாங்கிக்கலாம்."

அடுத்த வருஷமா! பெற்ற வயிறு எரிந்துகொண்டு கிடக்கிறாள் அங்கே ஒருத்தி, இவர் மேப்பு வரட்டும் என்கிறாரே! சாமியாத்தாள் சின்னப் பெட்டியை எடுத்துக் கந்தவேல் கையில் வைத்தாள். "இதுக்கே பில்லு போடுங்க கண்ணு." பிறகு புருஷனைப் பார்த்து, "கேக்கறத நான் கேட்டுக்கறனுங்க. நீங்க ஓட்டுனாப் போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். மடியில் ஒரு பை. பூண்டு, கருப்பட்டி, இடித்துச் சலித்த சுக்குப்பொடி. பிள்ளை இல்லாமல் போனாலும் பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே. தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று வழி நெடுகப் பெட்டிக்காரி மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள். மருதாசலம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "யாராச்சும் கேட்டா, சொந்தம்னு மட்டும் சொல்லு புள்ள."

உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு மூன்றாகப் பிரிந்தது. பெட்டிக்காரிக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரு டீக்கடை. மருதாசலம் காரைக் கடையிலிருந்து தள்ளி நிறுத்தினார். சாமியாத்தாள் இறங்கிப் போனாள். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் அவள் வயசுக்காரிதான்.

"பூசாரிபொட்டலுங்க. மாதவன் ஊடு."

"திருப்பூர்ல இருந்து புள்ளையக் கூட்டியாந்தானே, அவனா? நீங்க எங்குட்டு இருந்து வர்றீங்க?"

"அங்க இருந்துதானுங்க."

"அந்தப் புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

சொந்தம் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். "அம்மாங்க" என்று வந்துவிட்டது.

அந்தப் பெண் கிளாசைக் கீழே வைத்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆத்தாளா? அப்பனும் ஆத்தாளும் ஒரே வண்டில அடிபட்டுச் செத்துப்போனாங்கன்னுல்ல அது சொல்லுச்சு! தாயில்லாப் புள்ளையாச்சேன்னு நாந்தானம்மா ஆத்தா மொறைக்கு நின்னு அதுக்கு வளையல் போட்டேன். வலி வந்து எங் கைய விடாமப் புடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சே..."

சாமியாத்தாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். டீத்தூள் கறை ஏறிய விரல்கள். இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடித்து முறித்துப் போடவும் வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து காரில் ஏறினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மருதாசலம்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாம யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

அதற்குள் டீக்கடைக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்திருந்தாள். காரைப் பார்த்து, பின்னாலேயே வாங்க என்று கையை ஆட்டிவிட்டு, நடுவில் பிரிந்த மண் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். மருதாசலம் மனைவியைப் பார்த்தார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் மெல்ல நகர்ந்தது. பெட்டியில் ரோட்டுக் கோடு முடிந்துவிட்டது. கோடே இல்லாத மஞ்சள் வெளியில் அம்புக்குறி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, புழுதியில், திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.