முதல் சாட்சி தாயம்மாள்

தன் புருஷனை வெட்டியது ஜம்புலிங்கம்தான் என்பதில் தாயம்மாளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கண்ணெதிரே நடந்தது அது.

கள்ளிக்குப்பத்தை ஒட்டிய ஏரிப் புறம்போக்கை வளைத்து, கல் நட்டு, மனை மனையாக விற்றுக்கொண்டிருந்தவன் ஜம்புலிங்கம். எண்பத்தாறாம் வருஷம் ஒரு சாயங்காலம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் முனியன், தன் குடிசை வாசலை மறித்து நட்டிருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டான். ஜம்புலிங்கம் தனியாகத்தான் வந்தான். பேச்சு முற்றியது. வெட்டுக்கத்தியால் கழுத்தில் வெட்டினான். ஏரிக்கரைமேல் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த தாயம்மாள் அதைப் பார்த்து, குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

செங்கல்பட்டு கோர்ட்டில் அதை அப்படியே சொன்னாள். எதிர்க்கட்சி வக்கீலின் குறுக்கு விசாரணையில் நொந்துபோய் வெளியே வந்து மரத்தடியில் படுத்துவிட்டாள். அடுத்துக் கூண்டேறியவன் முனியனின் தம்பி வேம்புலி. முன்னால் நடந்த தகராறுகளைச் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனிடம் கேட்கவில்லை. ஜம்புலிங்கத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

அவன் ஐகோர்ட்டில் அப்பீல் போட்டான். சில வருஷம் கழித்து அது விசாரணைக்கு வந்த அன்று, வேம்புலியைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூரில் ரயிலேறிப் போய் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜம்புலிங்கத்தின் வக்கீல் இங்கிலீஷில் பேசினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் சாட்சிகள் சொன்னதை மட்டும் தமிழில் படித்தார். முதலில் அவள் சொன்னது. வார்த்தை பிசகாமல் இருந்தது. பிறகு இரண்டாவது சாட்சி வேம்புலி சொன்னது.

"நான் நேரில் பார்த்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என் அண்ணனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். எதிரி ஜம்புலிங்கம் வெட்டினார். அப்போது என் அண்ணி அங்கே இல்லை. சத்தம் கேட்டுப் பிறகுதான் வந்தார்."

 தாயம்மாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். வேம்புலி தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் கோர்ட் கலைந்ததும் வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "நீ எங்கடா பாத்த? அன்னிக்கு நீ பட்டாபிராம்ல உன் மாமியார் ஊட்ல இருந்த. ஆள் அனுப்பித்தான உன்ன கூட்டியாந்தாங்க?"

"பொண்டாட்டி சொல்லு மட்டும் நிக்காது, இன்னொரு ஆள் வேணும்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு அண்ணி."

"ரெண்டு பேருன்னு ஏன் சொன்ன?"

"அண்ணன ஒத்த ஆளு சாய்ச்சிருப்பான்னு என்னால நெனைக்க முடியல."

"நான் அங்க இல்லன்னு ஏன் சொன்ன?"

 "வக்கீலு மடக்கி மடக்கிக் கேட்டாரு. கட்டினவ கூட இருந்தா ஏன் தடுக்கலன்னாரு. உன்மேல பழி வந்துடுமோன்னு பயந்துகினு, நீ இல்லவே இல்லைன்னுட்டேன்."

அவளுக்கு அவனை அறையவும் தோன்றவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசு வக்கீல் பார்த்தசாரதியிடம் போனாள். "சார், இவன் பாக்கவே இல்ல சார். ஜட்ஜ் ஐயாகிட்ட இவனே வந்து சொல்லுவான். இவன் சொன்னதக் கிழிச்சிப் போட்டுட்டு நான் சொன்னத மட்டும் வெச்சுக்கச் சொல்லுங்க."

பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அப்பீல்ல புதுசா சாட்சி எடுக்க மாட்டாங்க. எழுதினதத்தான் படிப்பாங்க. இவர் பொய்னு இப்ப சொன்னா, போலீஸ் ஜோடிச்ச கேஸ்னு மொத்தமும் போயிடும். இவரும் உள்ள போவார். ரெண்டு பக்கமும் அடி."

"அப்ப நான் பாத்தது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கோர்ட் திரும்பக் கூடியதும் தாயம்மாள் எழுந்து நின்றாள்.  "ஐயா, அங்க இருந்தது நான். அவன் இல்ல. என்னக் கேளுங்க ஐயா." அவளை உட்கார வைக்கக் கோர்ட் டவாலி ஓடி வந்தான். இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் அவனைக் கையமர்த்தி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை. "உட்காருங்கம்மா. இப்ப நாங்க எதையும் கேட்டுக்க முடியாது" என்றார் மெதுவாக. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தீர்ப்பு வந்த அன்று பார்த்தசாரதிதான் விளக்கினார். "நீங்க பொய் சொன்னதா ஜட்ஜுங்க எழுதல. அவன் கொல்லலைன்னும் எழுதல. நேர்ல பாத்ததாச் சொல்ற ரெண்டு பேர்ல ஒருத்தர், இன்னொருத்தர் அங்க இல்லவே இல்லைன்னு சொல்றார். யார நம்பறதுன்னு தெரியாம ஒருத்தன ஆயுசுக்கும் ஜெயில்ல வைக்க முடியாது. சந்தேகத்தோட பலன அவனுக்குக் குடுத்து விடுதலை பண்ணிட்டாங்க."

"எனக்குச் சந்தேகமே இல்லையே சார்" என்றாள் தாயம்மாள்.

ஜம்புலிங்கம் ஊர் திரும்பிய அன்று காலையில் தெருமுனையில் சரவெடி வெடித்தார்கள். வேம்புலி துண்டில் எதையோ சுருட்டி இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்தான். குடித்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. துண்டை இழுத்தாள். கத்தி கீழே விழுந்தது.

"என்னாலதான அண்ணி வெளிய வந்தான். நானே முடிச்சுட்டு வந்துடறேன். வழி உடு."

இவன் வாயால்தான் எல்லாம் பாழாயிற்று. அதற்காக முனியன் வீட்டில் மிச்சமிருந்த ஒரே உறவை ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.  வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"போ. நானும் பின்னாலயே வருவேன். நீ அவன வெட்டினா பாப்பேன். கோர்ட்ல கூப்பிட்டா பாத்ததச் சொல்லுவேன். உனக்காக ஒரு வார்த்தகூட மாத்த மாட்டேன்."

வேம்புலி அவள் முகத்தையே பார்த்தான். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும். சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழத் தொடங்கினான்.

தாயம்மாள் அவனைத் தேற்றவில்லை. படியை விட்டு நகரவுமில்லை.