இரண்டு மணிக்கு முன்னால்

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும் நாளில், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே போன் அடித்தால் அந்த ஊரில் எந்த வீட்டிலும் எடுக்கப் பயப்படுவார்கள். தோற்றவர்களுக்குத்தான் முதலில் சொல்வார்கள். இரண்டு மணிவரை போன் வாய்மூடிக் கிடந்தால் பாஸ். அதன் பிறகுதான் வகுப்பாசிரியர் கூப்பிட்டு வாழ்த்துவார். பாஸானவர் வீட்டு வாசலில் கொடி ஏறும், கொடிக்கம்பின் நுனியில் பழைய புத்தகப் பை தொங்கும்.

வகுப்பாசிரியை யெட்ஸ்கேயின் வகுப்பில் தோற்றவன் ஒரே ஒருவன். அவனிடம் சொல்லியாயிற்று. இனி இரண்டு மணிவரை அவளுக்கு வேலையில்லை. ஆனால் சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வராத கலை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஆசிரியர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

காரணம் ஃபெம்மா. கணக்கென்றாலே நடுங்கிய அந்தப் பெண் எப்படியோ கரையேறிவிட்டாள். ஏறியது அவளா, இழுத்துப் போட்டது தானா என்ற கேள்வி காலையிலிருந்து யெட்ஸ்கேயை அரித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை மாலைகளில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பெண் பென்சிலைக் கடித்தபடி யோசிப்பாள். அந்த மௌனம் யெட்ஸ்கேக்குப் பொறுக்காது. "இதை அந்தப் பக்கம் கொண்டு போயேன்" என்று வாய் முந்திக்கொள்ளும். ஃபெம்மா உடனே ரப்பரை எடுப்பாள். அவள் அழித்தது சரியா தப்பா என்று யெட்ஸ்கே ஒரு நாளும் பார்த்ததில்லை. உதவி செய்கிறோம் என்ற நினைப்பிலேயே மனசு குளிர்ந்துபோயிருக்கும்.

"உக்காரேன்ம்மா, தரை தேஞ்சிடப்போகுது" என்றார் பக்கத்து வகுப்பு டௌவே.

"அந்தப் பொண்ணு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, டௌவே."

"ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுந்தான் உக்காந்திருக்கு. காபியைக் குடி. ரெண்டு அடிக்கட்டும்."

அவர் பால் எடுக்கப் போனார். நல்ல செய்திக்கு நேரமென்ன காலமென்ன என்று யெட்ஸ்கே போனை எடுத்துவிட்டாள். மணி ஒன்றரை. இரண்டு தரம் ஒலித்து அறுந்தது. மறுபடி போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது.

"யாருக்குப் போட்டே?" என்றார் திரும்பி வந்த டௌவே.

"ஃபெம்மாவுக்கு."

"அடிப்பாவி! பாஸான பொண்ணுக்கா?"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். எதிர்க்காற்று வேறு. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, கால்வாய்ப் பாலத்தை அந்த நேரம் பார்த்துத்தான் தூக்கினார்கள். பாய்மரப் படகொன்று அன்னநடை போட்டுக் கடந்தது. படகுக்காரன் அவளைப் பார்த்துக் கைகூட அசைத்தான். அவள் அவனைச் சபித்தாள், தன்னை அதைவிட அதிகமாகச் சபித்தாள்.

ஃபெம்மாவின் அம்மா வாசலில் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் போன் பண்ணியாச்சே, நேர்ல வேற எதுக்கு வந்தீங்க?"

"பாஸுங்க! உங்க பொண்ணு பாஸ்!"

அம்மாவின் கை நின்றது. கண் நிறைந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது. "பாஸான பிள்ளைக்கு ஒன்றரை மணிக்கு யாராச்சும் போன் பண்ணுவாங்களா? புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு?"

"தப்புதாங்க."

"பின்னாடி படகுத்துறையில உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஃபெம்மா தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஃபெம்மா, நீ பாஸும்மா. நல்லாவே பாஸ். நான் அவசரப்பட்டுட்டேன்."

பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் வர நேரமாயிற்று.

"எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு டீச்சர். விடையெல்லாம் வெளியிட்டாங்கல்ல, ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தேன். பாஸ்னுதான் வந்துச்சு. அம்மாகிட்ட கொடியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான்."

"பின்னே ஏம்மா போனை அணைச்சே?"

"உங்க பேரு வந்துச்சு. சரி, நாம போட்ட கணக்குதான் தப்புன்னு நினைச்சுட்டேன்." தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "கிளாஸ்லயும் அப்படித்தானே. நீங்க வாயைத் திறந்ததும் அழிச்சிடுவேன். பாதி நேரம் சரியாத்தான் போட்டிருப்பேன்."

யெட்ஸ்கேக்குச் சுருக்கென்று தைத்தது. ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள், அப்படியே மூடிக்கொண்டாள்.

இரண்டு மணி அடித்தது. தெருவில் எங்கோ கார் ஒன்று ஹாரனை அலறவிட்டது. ஃபெம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், கொடியை மறுபடி விரித்தாள். ஃபெம்மா நாற்காலியில் ஏறிப் புத்தகப் பையைக் கம்பின் நுனியில் மாட்டப் பார்த்தாள். காற்று பையைத் தள்ளித் தள்ளிவிட்டது. வார் ஒரு தரம் நழுவியது, மறு தரமும் நழுவியது.

யெட்ஸ்கேயின் கை தானாக மேலே போயிற்று.

"டீச்சர்" என்றாள் ஃபெம்மா, திரும்பாமலே. "சும்மா இருங்க."

யெட்ஸ்கே இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஃபெம்மா புத்தகப் பையை மாட்டி முடிக்கிறவரை காற்றில் நின்றாள்.