ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் பதினொரு பேர்

தெருவுக்கு ஒன்பது பேர் குறைந்தார்கள். என்னிடம் பதினொரு பேர் இருந்தார்கள். அதற்காகத்தான் பிப்ரவரி முதல் ஞாயிறு காலை மதுரைவீரன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

அவர் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் விழாக் குழுத் தலைவர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. வெளிநாட்டில் குடியேறிய சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளை, ஊர் விழாக்களுக்குப் பணம் தருகிறது. விழாவைச் சாக்கிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வந்து போக வேண்டும். ஜனவரியில் இருபத்தைந்து பேராவது வந்ததற்கு விமான டிக்கெட் காட்டினால்தான் மீதிப் பணம். எங்கள் விழாவுக்கு வந்தவர்கள் பதினாறு பேர்.

விண்ணப்பம் எழுதியது நானும் என் மனைவி யாழினியும். அக்டோபரில். விழாவுக்குத் ‘தாய்வீட்டுப் பொங்கல்’ என்ற பெயர் அவள் வைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் பாலுவுக்குத்தான் முதல் அழைப்பு. லீவு இல்லை என்றார். ஜனவரி பத்தாம் தேதி காலை விமானத்தில் வந்தார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. யாழினி ஒன்பதாம் தேதி மதியம் இறந்திருந்தாள். டெங்கு. ஐந்து நாள்.

அன்று இரவு முழுக்க டிக்கெட்டுகள் என் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. மஸ்கட்டிலிருந்து அவள் சித்தப்பா, சித்தி. கோலாலம்பூரிலிருந்து அத்தை குடும்பம், ஐந்து பேர். ஒவ்வொன்றிலும் நேரம் பார்த்து ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பினேன். நீ செய்யாதே, உட்கார் என்றார்கள். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

விழா பதினைந்தாம் தேதி முதல் மூன்று நாள். பதின்மூன்றாம் தேதி மதுரைவீரன் அண்ணன் வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. தீட்டு வீடு. சாமி இந்த வழியாத்தான் வரணும். மூணு நாளைக்குக் கதவச் சாத்தி வச்சிருங்க. சொந்தக்காரங்கள வெளிய விடாதீங்க.”

சாத்தி வைத்தேன். அது போதவில்லை. அன்று மாலை என் வாசலை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ‘கடல் கடந்த உறவுகளே, வருக, வருக.’ கடல் கடந்து வந்த பதினொரு பேர் அதற்குப் பின்னால் இருந்தார்கள். காற்றுப் போவதற்காக அதில் ஓட்டைகள் வெட்டியிருந்தார்கள். பாலுவின் பிள்ளைகள் அவற்றின் வழியே உறியடி பார்த்தார்கள். மைக்கில் கைதட்டச் சொன்னபோது சின்னவள் தட்டினாள். அவள் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இப்போது, பிப்ரவரியில், அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது.

“அந்த டிக்கெட்டெல்லாம் போன்ல இருக்குல்ல தம்பி?”

“இருக்கு.”

“ஒம்பது போதும். நம்மகிட்ட பதினொண்ணு இருக்கு.”

“நம்மகிட்டயா?”

“கோவப்படாதீங்க. அவங்க ஜனவரியில வந்தாங்களா இல்லையா? நம்ம தெருவுக்கு வந்தாங்களா இல்லையா? பொய்யா சொல்றோம்?”

“விழாவுக்கா வந்தாங்க?”

“விழா நடக்குறப்ப இருந்தாங்கல்ல.”

“ஃப்ளெக்ஸுக்குப் பின்னாடி இருந்தாங்க. நீங்கதானண்ணே கட்டுனீங்க.”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “சரி, எனக்காக வேணாம். சந்திரம்மாள நெனச்சுப் பாருங்க. மூணு நாள் ஐநூறு பேருக்குச் சமைச்சுது. இன்னும் கூலி குடுக்கல.”

அந்த மூன்று நாளும் விழாச் சமையலுக்கு நடுவே எங்கள் வீட்டுக்கும் சாப்பாடு கொண்டு வந்தது சந்திரம்மாள் அக்காதான். தீட்டு வீட்டுக்குப் போகலாமா என்று குழுவில் யாரோ சத்தம் போட்டபோது, “சாமி முன்வாசல்லதானய்யா வருது? நான் பின்வாசல்ல போறேன்” என்றாராம்.

லேப்டாப்பைத் திறந்தேன். அறக்கட்டளையின் படிவத்தில் டிக்கெட்டை ஏற்றியதும் ஒரு கேள்வி வந்தது. வந்த நோக்கம்? விழா, உறவினரைப் பார்க்க, கோயில், சுற்றுலா, மற்றவை.

“விழான்னு போடுங்க.”

“மாட்டேன்.”

“அப்ப உறவினரப் பாக்கன்னு போடுங்க. உண்மைதானே?”

மற்றவை என்பதை அழுத்தினேன். விவரம் எழுத ஒரு கட்டம் திறந்தது. ‘என் மனைவியின் சாவுக்கு’ என்று எழுதினேன்.

“ஐயோ தம்பி, தள்ளிருவாங்க.”

“தள்ளட்டும்.”

பதினொரு முறையும் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். “காப்பி பண்ணிப் போடலாம்ல” என்றார். தள்ளுவார்கள் என்று நம்பித்தான் எழுதினேன். அக்காவுக்கு என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அறக்கட்டளையின் திருச்சி அலுவலகத்திலிருந்து லூர்துராணி என்பவர் பேசினார்.

“வாழ்த்துகள் சார். இருபத்தேழு பேர். பணம் நாளைக்கு ஏறிடும்.”

“மற்றவைன்னு போட்டு எழுதியிருந்தேனே மேடம். படிச்சீங்களா?”

“படிச்சேன் சார். கஷ்டமா இருந்துச்சு. ஆனா மேல போறது எண்ணிக்கை மட்டும்தான். அந்தக் கட்டத்த அங்க யாரும் தொறக்க மாட்டாங்க.”

மாலையில் பாலு பேசினார்.

“மாப்ள, எங்க எல்லாருக்கும் ஒரு மெயில் வந்திருக்கு. தாய்வீட்டுப் பொங்கலக் கொண்டாடுனதுக்கு நன்றின்னு. சின்னவ பேருக்கு ஒரு சர்டிபிகேட் வேற. என்ன இது?”

“நான்தான் மச்சான் டிக்கெட்டக் குடுத்தேன்.”

“அவ வச்ச பேருல்ல அது” என்றார். போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சந்திரம்மாள் அக்காவுக்குக் கூலி கிடைத்தது. மதுரைவீரன் அண்ணன் லட்டுப் பெட்டியோடு வந்தார்.

“அடுத்த வருஷம் முப்பத்தஞ்சு பேர் கேக்குறாங்க தம்பி. யாழினி பொண்ணுக்குத் தலைத்திவசம் வருதுல்ல? சொந்தமெல்லாம் வருவாங்கல்ல?”

“வருவாங்க.”

“திதிப்படி பாத்தா டிசம்பர் கடைசியில வந்துருது. நான் ஐயர்கிட்டக் கேட்டுட்டேன். கொஞ்சம் தள்ளி, ஜனவரியில வச்சுக்கலாம், தோஷமில்லன்னாரு. திவசம் முடிஞ்சா தீட்டும் போயிரும். எல்லாரும் ஜம்முனு வெளிய வந்து நின்னு பாக்கலாம்.”

“டிசம்பர்லயே வச்சுக்கிறேண்ணே.”

“பதினொரு பேரு தம்பி. யோசிங்க.”

பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஃப்ளெக்ஸைக் கோயில் அறையில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வருடம் போடவில்லை.