பிடுங்கினவன்தான் மாட்டணும்

அப்பாவின் விறைத்துப்போன கையை மடக்க முடியாமல், பெரியவள் கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துத் தோள்பக்கம் சட்டையை வெட்டினாள். உயிரோடு இருந்தபோதே யாருக்கும் வளைந்து கொடுக்காத கை அது. செத்த பிறகு மட்டும் கொடுத்துவிடுமா? துணி இரண்டாகப் பிரிந்ததும் சட்டைப் பையிலிருந்து என்னவோ சரிந்து, கட்டில் சட்டத்தில் 'டக்'கென்று மோதிக் கீழே விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் ஒரு பியூஸ் கட்டை. கூடவே, கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அவருடைய டெஸ்டரும் கிடந்தது.

பியூஸ் கட்டை அந்த வீட்டுக்குப் புதிதில்லை. தாத்தா காலத்திலிருந்து கரண்ட் வேலைதான் குடும்பத் தொழில். வாசலில் கடை, பின்னால் வீடு. அப்பா கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தாத்தா உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்தார். ஊர் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிட்டது. பெரியவள் கடையின் பின்கட்டில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவள். தலை நரைத்தும் அந்த வேலையை விடவில்லை. வெளி வேலைகள் எல்லாம் தம்பி சின்னவன் கையில். அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, பெயர் மட்டும் சின்னவன்.

ஆனால் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிற பியூஸ் கட்டை வேறு கதை. ஒரு லைனில் கை வைக்குமுன் பியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் அவரே மாட்டுவார். "பிடுங்கினவன்தான் மாட்டணும்" என்பது அந்தக் கடையின் சட்டம். மற்றவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. சண்டை நடந்த இடத்தில் முகாமுக்கு லைன் இழுத்தபோது, கம்பத்தின் மேலே அவருடைய கூட்டாளி இருந்தான். கீழே ஒருத்தன், 'யாருடா இதைத் திறந்து போட்டது' என்று நல்ல மனசோடு பியூஸைச் சொருகிவிட்டான். பிள்ளைகளுக்கு இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். சொல்லிவிட்டு, "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றார்.

வேலை முடியாமல் அவர் பையில் பியூஸ் தங்காது. வெளியே போட்டுக்கொண்டு போன சட்டையோடு படுக்கவும் மாட்டார். கழற்றி, மடித்து, யாரோ அதிகாரி வந்து பார்க்கப்போகிற மாதிரி தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். நேற்று ராத்திரி கழற்றவில்லை.

முந்தின நாள் மத்தியானம் கைத்தடியோடு எங்கோ போய்விட்டு வந்தவர், முக்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் மூச்சு வாங்கினார். எங்கே போனீர்கள் என்று பெரியவள் கேட்டாள். "சின்னவன் வந்தா என்னை எழுப்பச் சொல்லு. தூங்கினாலும் எழுப்பச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். தம்பிக்குப் போன் பண்ணி அவளும் சொன்னாள். அவன் வீடு திரும்பியபோது அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினால் ஏதாவது திட்டு விழும் என்று விட்டுவிட்டான். காலையில் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

எண்பத்தாறு வயசு, தூக்கத்திலேயே போனது கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சின்னவன் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னைத்தாங்க கேட்டாரு. சின்னவன் எங்க, சின்னவன் எங்கன்னு" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அப்பாவிடம் ஆயுசு முழுக்க ஒரு 'சபாஷ்' வாங்காத பிள்ளை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், அழட்டும் என்று அவள் இருந்துவிட்டாள்.

அப்பாவுக்கு வேறு சட்டை மாட்டி முடித்து, பியூஸ் கட்டையோடு வாசலுக்கு வந்தாள். சின்னவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், இது அப்பா பையில இருந்துச்சு. எந்த இடத்துது?"

அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "கடைத்தெரு லாண்டரி. துவைக்கிற மெஷினுக்குப் போற லைன். நேத்து போய்ப் புடுங்கிட்டு வந்திருக்காரு. ராத்திரி வர்ற வழியில லாண்டரிக்காரர் புடிச்சுக்கிட்டாரு, 'உங்கப்பா பியூஸைக் கழட்டிட்டுப் போயிட்டாராம், வேலை நிக்குது'ன்னு. என் பையில வேற ஒரு கட்டை இருந்துச்சு, மாட்டி விட்டுட்டு வந்தேன்."

"ஏன் புடுங்கினாராம்?"

"ஏனா? போன மாசம் நம்ம வீட்டுப் பியூஸையே புடுங்கி சர்க்கரை டப்பாவுல போட்டுட்டு, ஊரே இருட்டா இருக்குன்னு சொன்னாரே, அது ஏன்? வயசாயிடுச்சுக்கா. விடு."

அதுவும் உண்மைதான். சர்க்கரை டப்பாவைத் திறந்தவளே அவள்தான். அன்றைக்கு அவளும் சிரித்தாள். பியூஸ் கட்டையையும் டெஸ்டரையும் இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள்.

ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. புத்தி தடுமாறினவர் எதற்காக மகனை எழுப்பச் சொல்கிறார்? மறந்துபோகிறவர் எதற்காகச் சட்டையைக் கழற்றாமல் படுக்கிறார்? வந்தவர்கள் அவள் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டினாள், ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாகக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பட்டாளத்தாருக்கு மரியாதையாக. இரும்புக் கதவு இறங்கும் ஓசை ஒவ்வொன்றுக்கும் அவள் திடுக்கிட்டாள்.

மறுபடி தம்பியிடம் போனாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த மெஷினைப் பின்பக்கம் மாத்தி வச்சது நீதானே?"

"ஆமா. ரெண்டு வாரம் இருக்கும்."

"எர்த் குடுத்தியா?"

சின்னவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். அதை நேராக்கினான். மறுபடி கொஞ்சம் நகர்த்தினான்.

"கேக்கிறேன்ல."

"குழி தோண்டணும்க்கா. பழைய எர்த் அங்க எட்டலை. அப்புறமா பாத்துக்கலாம்னு…"

அவள் அவனைத் திட்டவில்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதுதான் எர்த். அது இல்லாத மெஷினில் உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து மெஷினின் தகரத்தைத் தொட்டால் பியூஸ் போகாது. ஒன்றும் காட்டாது. தகரம் முழுக்க கரண்ட் ஏறிச் சும்மா நிற்கும், ஈரக்கையோடு யாராவது வந்து தொடுகிற வரைக்கும். "கரண்டு கண்ணுக்குத் தெரியாத நாய், கடிச்ச பிறகுதான் இருக்கிறதே தெரியும்" என்பார் அப்பா. லாண்டரியில் ஈரமில்லாத கை ஏது?

சரியாக அந்த நேரம் பார்த்து லாண்டரிக்காரரே வாசலில் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவரைப் பார்த்ததும் பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கடையைச் சாத்திட்டீங்களா?"

"சாத்தாம இருப்பேனாம்மா? பெரியவரு போன நாள்ல மெஷினு ஓடலாமா? பாதிக் கதவை இறக்கிட்டேன்."

"பாதியா?"

"வீட்டுக்காரி உள்ள இருக்கா. ஐயாவுக்குப் போத்த நல்ல வெள்ளைத் துப்பட்டி ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், பொட்டியிலயே கிடந்து பழுப்பேறிப் போச்சு. ஒரு அலசு அலசி எடுத்துட்டு வர்றேன்னு…"

"போன் போடுங்க. இப்பவே போடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்க மாட்டேங்கிறாளே" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சின்னவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பெரியவள் தெருவில் இறங்கி ஓடினாள். பின்னால் யாரோ, "இந்த நேரத்துல எங்கம்மா போற? தூக்கப் போறாங்க" என்று கத்தினார்கள். செருப்பு போடவில்லை என்பது பாதி வழியில் ஜல்லி குத்தியபோதுதான் தெரிந்தது. கதவு இறக்கிய கடைகள், ஆளில்லாத தெரு, ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை. அப்பா உன்னைப் பார்க்க எழுப்பச் சொல்லலைடா, என்று மூச்சிரைக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். இதைச் சொல்லத்தாண்டா எழுப்பச் சொன்னாரு.

லாண்டரியின் கதவு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. வாசற்படி தாண்டி ஒரு மெல்லிய கோடாக நுரைத்தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

குனிந்து நுழைந்தாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே வழி கண்டு பின்பக்கம் போனாள். தரை முழுக்க ஈரம். ஆளுயர மெஷின் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது. அதன் காலடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. மேசையில் போன் மினுங்கி அடங்கியது.

"அம்மா! எங்க இருக்கீங்க?"

கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது. லாண்டரிக்காரம்மா குழாயடியில், துவைக்கிற கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வரை நுரை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்துப் பதறினாள்.

"என்னம்மா இது, நீங்க எதுக்கு வந்தீங்க? நேரமாயிடுச்சா? இதோ முடிஞ்சிடுச்சு, கையாலதானே, கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும்."

பெரியவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

"மெஷின்ல போடலையா?"

"எப்படிம்மா போடுவேன்? ரெண்டு நாளா தொட்டா ஒரு மாதிரி சுரீர்னுது. நேத்து ஐயா இந்தப் பக்கம் வந்தப்ப சொன்னேன். பாத்துட்டு பியூஸைப் புடுங்கிக்கிட்டாரு. 'நானே வந்து சொல்ற வரைக்கும் இதைத் தொடாதே, என் மேல ஆணை'ன்னு சொல்லிட்டுப் போனாரு. ராத்திரி உங்க தம்பி வந்து சரி பண்ணிட்டாருன்னு இவரு சொன்னாருதான். ஆனா ஐயா வந்து சொல்லலையே."

பெரியவள் உள்ளே திரும்பினாள். துணி அடுக்குகிற மரப்பலகை ஒன்று காய்ந்து கிடந்தது. அதைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, டெஸ்டரின் முனையை மெஷினின் தகரத்தில் வைத்தாள். கைப்பிடிக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது. கொஞ்சமும் நடுங்காமல் எரிந்தது.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சின்னவன் வந்து நின்றிருந்தான். அவன் பார்வை அந்தப் பொட்டின் மேலேயே இருந்தது. பெரியவள் பலகையை விட்டு இறங்கிப் போய் மெயினை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்து, பின்கட்டு முழுதும் இருண்டது.

கொல்லைப்புறத்திலிருந்து லாண்டரிக்காரம்மாவின் குரல் வந்தது, யாரையும் குற்றம் சொல்லாத குரல்.

"இனிமே யாரும்மா வந்து சொல்லுவா?"

குழாயை மூடிவிட்டு, துப்பட்டியைப் பிழிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனமான துணி, ஒரு ஆளால் ஆகாது. சின்னவன் வெளியே போய் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் முதலில் தாரையாகக் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. அவன் முறுக்கிக்கொண்டே இருந்தான். தலை குனிந்திருந்தது, முகம் தெரியவில்லை.

"போதும் தம்பி, விடுங்க" என்றாள் லாண்டரிக்காரம்மா. "துணி கிழிஞ்சிடும்."