மானுக்குத் தோதான ரவை

1

இந்தக் கதை ஒரு ரவா தோசையில் பிறந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. ஷார்ஜாவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் நண்பர் பத்மநாபன் போனில் யாரிடமோ, "ரவை எண்டா நல்ல ரவையா இருக்கவேணும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், அலுவலகத்தில் வேலை. போனை வைப்பதற்குள் அவர் முன்னால் ஒரு ரவா தோசை வந்துவிட்டது. அவர் பேசியதோ துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி. அவர் ஊர்ப் பேச்சில் தோட்டாவுக்கு ரவை என்று பெயர். அர்பாப் வெளிநாட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறாராம்.

தோசையை நான் சாப்பிட்டேன். கதையையும் எனக்கே வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கங்கள்:

பாலைவனத்தின் விளிம்பில் சூரியன் (வேண்டாம். எல்லா வளைகுடாக் கதையிலும் இந்தச் சூரியன் ஓவர்டைம் பார்க்கிறான்.)

துப்பாக்கியைத் துடைத்த அர்பாபின் விரல்கள் (நான் அந்த விரல்களைப் பார்த்ததில்லை.)

மான்கள் அழகானவை, ஆகவே

ஆகவே என்ன? தெரியவில்லை. விஷயத்தைப் படித்துவிட்டு வருவோம் என்று உட்கார்ந்தேன். இரக்கத்தோடு சுடுவதற்கு இவ்வளவு படிப்பு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ராணுவத் தோட்டா போல முழுக்க உறை போட்டது ஆகாது. மானைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், மான் புண்ணோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். உள்ளே போனதும் முனை விரிய வேண்டும், ஆனால் தோலுக்கடியிலேயே சிதறிவிடக் கூடாது. மானின் உடம்புக்கு ஏற்ற எடை வேண்டும். ஈயம் இறைச்சியில் கலந்துவிடும் என்பதால் இப்போது பலர் செம்பைச் சொல்கிறார்கள். இத்தனையும் இருந்தும், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்தில் படாவிட்டால் எல்லாம் வீண். அதனால் மான் அசையாமல் நிற்கும்போதுதான் விசையைத் தொட வேண்டும்.

கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கத்தான் பார்த்தேன்.

3

வெளிநாட்டு மானோடு எனக்குப் பழக்கமில்லை. ஆகவே மானை இங்கேயே, அல் ஐன் போகிற வழியில் இருக்கும் அர்பாபின் பண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டேன். (இங்கே காட்டு மானைச் சுடக் கூடாது. இது பண்ணை மான், கிழ மான். அனுமதி வாங்கியாகிவிட்டது. கொடுத்தது நான்.) வேலியில் மாட்டிப் பின்னங்கால் ஒடிந்துவிட்டது. சேராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தீனியைத் தொடவில்லை. பிடித்துக் கட்டினால் பயத்திலேயே துடிக்கும், தூரத்திலிருந்து ஒரே வெடியில் முடித்துவிடலாம் என்று அர்பாப் முடிவு செய்தார். நல்ல மனுஷன். கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பண்ணையில் பம்பு பார்ப்பவர் ஞானையா, தூத்துக்குடிக்காரர். மானைப் பார்ப்பது அவர் டூட்டியே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து ரூமுக்குப் போகாமல் வேலியோரம் உட்கார்ந்து, "மாப்ள, ஒரு வாய் தின்னுல" என்று அதனிடம் கெஞ்சுவார்.

அவருக்கு பத்மநாபனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணை, அர்பாப் சொல்லிப்போட்டார். மானுக்குத் தோதான ரவையாப் பாத்து எடுத்து வையுங்கோ. பாரமான ரவை நல்லம். உள்ள போனவுடன விரியவேணும், ஆனா பொடிப்பொடியாப் போகக்கூடாது. ஈயம் வேண்டாம், உடம்பில ஊறிப்போகும். செம்பு நல்லம். முக்கியமா அந்தச் சீவன் வதைபடக்கூடாது. வெள்ளிக்கிழமை வருவம்."*

* பம்பு மெக்கானிக்கிடம் தோட்டாவை எடுத்து வைக்கச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஓரமாகத் தாண்டி வந்துவிடுங்கள்.

4

ஞானையா மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சுடப்போகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அர்பாப் மனசு இரங்கி மானுக்குக் கஞ்சி போடச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நேராக நெய்னா முகம்மதுவின் மளிகைக் கடைக்குப் போனார்.

"பாய், நல்ல ரவை குடுங்க. உள்ள போனா விரியணும்."

"எல்லா ரவையும் விரியத்தான் செய்யும் அண்ணாச்சி. உப்புமாவுக்கா, கேசரிக்கா?"

"மானுக்கு."

நெய்னா முகம்மது காயல்பட்டினத்தில் வியாபாரம் பழகியவர். வாடிக்கையாளரிடம் ஏன் என்று கேட்க மாட்டார். "மானுக்குன்னா பெரிய ரவைதான். பொடி ரவை கட்டிகட்டியாப் போயிரும்" என்று அடித்துச் சொன்னார்.

"ஈயச் சட்டி ஆகாதாம். செம்புலதான் வைக்கணுமாம்."

"யாரு, டாக்டர் சொன்னாரா?"

"அர்பாபே சொல்லிருக்காரு."

"மாஷா அல்லாஹ்" என்றார் நெய்னா முகம்மது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஞானையா இவ்வளவு வெள்ளந்தியா? அந்த மெசேஜை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மான் பிழைக்க வேண்டும் என்று தவிக்கிற ஆளுக்கு அதில் எங்கே துப்பாக்கி இருக்கிறது?)

அன்று செம்பில் காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் டிங் டிங் என்று தட்டினார். மான் முகர்ந்து பார்த்தது. பிறகு நக்கியது. (கால்நடை மருத்துவர்கள் கோபப்பட வேண்டாம், கொஞ்சம்தான் கொடுத்தார்.) வியாழக்கிழமைக்குள் டிங் டிங் கேட்டாலே மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து வேலியருகே நிற்கப் பழகிவிட்டது.

5

வெள்ளிக்கிழமை அர்பாபும் பத்மநாபனும் வந்து இறங்கினார்கள். ரவை எங்கே என்று பத்மநாபன் கேட்க, ஞானையா பெருமையோடு கிண்ணத்தை நீட்டினார்.

அர்பாப் எட்டிப் பார்த்தார். "யே க்யா ஹை?" இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"ஐயோ அண்ணை! நான் சொன்னது துவக்குக்குப் போடுற ரவை!"

"துவக்கா? எதத் துவக்கணும்?"

பத்மநாபன் காரைக் காட்டினார். பின்சீட்டில் நீளமான துப்பாக்கிப் பை இருந்தது. பக்கத்தில் சின்னப் பெட்டி. செம்பு முனை, சரியான எடை, உள்ளே போனதும் விரியும். நல்லவேளை அர்பாப் தானே கொண்டுவந்திருந்தார்.

ஞானையா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "தின்ன ஆரம்பிச்சிருச்சு சார். அதைச் சொல்லுங்க அவர்ட்ட."

6

முடிவு ஒன்று: அர்பாப் விழுந்து விழுந்து சிரித்து, துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிடுகிறார்.

எழுதி முடித்து என் மனைவி ஜெயலட்சுமியிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். "கால் ஒடிஞ்சது ஒடிஞ்சபடிதானே இருக்கு? கஞ்சி குடிச்சா வலிக்காதா?" என்று கேட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

முடிவு இரண்டு: சுடுகிறார். ஆனால் மான் தூரத்தில் புதருக்குள்ளிருந்து அரைகுறையாகத்தான் தெரிகிறது, ஆகவே குண்டு

இல்லை. இதை எழுத மாட்டேன்.

முடிவு மூன்று. இது நானாக எழுதியது அல்ல, பத்மநாபன் மொழிபெயர்த்தது. அர்பாப் மானைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். பத்மநாபன் ஞானையாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்ணை, அர்பாப் சொல்லுறார், நீங்கள் கிண்ணத்தை வேலிக்குப் பக்கத்தில வச்சு, எப்பவும் போலத் தட்டிப்போட்டு விலகி வாங்கோவாம். அது வந்து அசையாம நிக்கும். ஒரே வெடி. கலாஸ், முடிஞ்சுது. ஒண்டும் தெரியாதாம் அதுக்கு."

இந்த வரியை அடிக்கப் போனேன், அடிக்கவில்லை. ஏனென்றால் அது சரி. நான் படித்ததும் அதுதான்.

ஞானையா யாரையும் திட்டவில்லை. கிண்ணத்தோடு அர்பாபைத் தாண்டி, பத்மநாபனைத் தாண்டி, இந்தப் பக்கத்தின் ஓரம்வரை, என்னிடம் வந்துவிட்டார்.

"அந்த மெசேஜை எனக்கு வர்ற மாதிரி எழுதுனது நீங்கதான? நீங்களே தட்டுங்க சார்."

கிண்ணம் சூடாக இருந்தது. ரவை நன்றாக விரிந்திருந்தது. கரண்டியை எடுத்தேன். மான் காதை நிமிர்த்தியது. என்னால் முடியாது.

இதைப் படிக்கிற நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, கிண்ணத்தை மட்டுமல்ல, கரண்டியையும்தான். தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி, உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பசிக்கிறது, வலிக்கவும் செய்கிறது, இரண்டும் எனக்குத் தெரியும். கஞ்சி ஆறுகிறது. அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது.