மாடியறையில் ஓடிய சைக்கிள்

சுப்ரஜா இறந்த பதினெட்டாம் நாள் அவளுடைய அம்மா சண்முகசுந்தரி, மகளின் தோழி ஜாய்சிக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, ஸ்டாண்டு இங்கனதான கெடக்கு? ஓட்ட வரமாட்டியா?"

ஜாய்சி பாளையங்கோட்டையில் தான் படிக்கும் கல்லூரியின் விடுதி வராந்தாவில் நின்றிருந்தாள். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாவு நடந்த அன்று துஷ்டி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததோடு சரி, அந்தத் தெருப்பக்கமே அவள் போகவில்லை.

"வாரேன்மா" என்றாள் கடைசியில்.

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஸ்டாண்டு அது. சக்கரம் ஓர் உருளையின்மேல் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். மழைக்காலத்தில் ரோட்டில் ஓட்ட முடியாதபோது உடம்பு தளர்ந்துவிடாமல் இருக்க, போன வருஷம் ஜாய்சியும் சுப்ரஜாவும் சேர்ந்து வாங்கியது. போடும் இரைச்சலுக்கு விடுதியில் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் சுப்ரஜா வீட்டு மாடியறையில் வைத்தார்கள். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி தரையில் உட்கார்ந்து கேலி செய்வாள். அப்புறம் மாறிக்கொள்வார்கள். நேரம் போவதே தெரியாது.

இருவரும் மாநில அளவில் ஓட்டியவர்கள். ஜனவரியில் ஓர் அரசுத் துறையில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைத் தேர்வு இருந்தது. இருபது கிலோமீட்டர் தனியாக ஓட்டவேண்டும். முதல் இரண்டு பேருக்கு வேலை. புன்னக்காயலில் ஜாய்சியின் அப்பா சிலுவைமுத்துவுக்குக் கடலுக்குப் போகமுடியாதபடி முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த வேலையை விட்டால் படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். பயிற்சியாளர் மகாராஜன் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பத்து வாரம் இருக்கு. ரோட்டுல எறங்காத. உள்ளயே ஓட்டு. அழணும்னா ஓட்டிக்கிட்டே அழு."

மறுநாள் மாலை நாலு மணிக்குத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். சண்முகசுந்தரி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சுப்ரஜாவின் அப்பா அம்பலவாணன் பள்ளித் தலைமையாசிரியர், அப்போது லீவில் இருந்தார். முன்னறையில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தவர் முகத்தை அதற்குப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. மாடியறையில் ஸ்டாண்டு அதே இடத்தில் இருந்தது. சுவரில் மகாராஜன் எழுதிக்கொடுத்த அட்டவணைத் தாள். ஐந்து நிமிஷம் முழு வேகம், இரண்டு நிமிஷம் மெதுவாக. இப்படி ஆறு தடவை.

அன்று மூன்றாவது தடவையோடு இறங்கிவிட்டாள். மறுநாளும் மூன்றுதான். அடுத்த நாள் இரண்டு.

கால் வலியை அவளால் தாங்க முடியும். அந்தச் சுவரைத்தான் தாங்க முடியவில்லை. ரோட்டில் மரம் வரும், பாலம் வரும், வாழைத்தோப்பு வரும். இங்கே சுவர் அப்படியே நிற்கும். மழைப் புழுக்கத்தில் வியர்வை சொட்டித் தரை நனையும். கடிகாரத்தில் நாற்பது வினாடிதான் ஆகியிருக்கும். ரோட்டில் போவதுபோல நினைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மகாராஜன். நினைத்துப் பார்த்தாள். திருச்செந்தூர் ரோட்டில் எங்கே தொடங்கினாலும் நினைப்பு செய்துங்கநல்லூருக்கு முன்னால் சுப்ரஜா விழுந்த அந்த வளைவில் போய் நின்றது. அதன்பிறகு அவள் ரோட்டை நினைப்பதை விட்டுவிட்டு மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி எண்ணினாள். ஒரு மன்றாட்டுக்கு இருபத்திரண்டு மிதி. பதினெட்டு மன்றாட்டு முடிந்தால் ஐந்து நிமிஷம் ஆகிவிடும். அப்படித்தான் நாலாவது தடவைக்குப் போனாள்.

சண்முகசுந்தரி தினமும் ஒரு டம்ளர் சுக்குக்காப்பி கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இந்தச் சத்தம் கேக்கலைன்னா வீடு வீடா இல்லட்டி. நீ வார வரைக்கும் நாலு மணி எப்ப ஆகும்னு இருக்கு."

ஜாய்சி தலையை ஆட்டிவிட்டு மிதித்தாள்.

"அவ அப்பாவுக்குத்தான் இந்தச் சத்தம் ஆவலை. அவ மேலதான் கோவம் அவுகளுக்கு. கண்ணத் தொறந்து பாத்து ஓட்டியிருந்தா அவ்வளவு பெரிய குழி தெரியாமலா போவும்னு கேக்காவ. செத்த பிள்ளைய ஏசுதாவ. கூடவே நானும் நெனைக்கேன், நம்ம பிள்ள கவனமாத்தான் இருந்திருக்கக்கூடாதான்னு."

ஜாய்சி மிதிப்பதை நிறுத்தினாள். சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது.

போலீஸிடம் அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். காலை ஐந்தரை மணி, லேசான தூறல், வாழைத்தார் ஏற்றிய மினி லாரி பின்னால் வேகமாக வந்து, விழுந்து கிடந்தவள்மேல் ஏறியது. டிரைவரைக் கைதும் செய்துவிட்டார்கள். யாரும் கேட்காத ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை.

"அம்மா, அவளுக்குக் குழி தெரிஞ்சிருக்காது."

"ஏன்?"

"நாங்க ஒண்ணு பின்னால ஒண்ணு ஒட்டிப் போவோம். முன்னால போறவ காத்தை வாங்கிக்கிடுவா, பின்னால வாரவளுக்கு லேசா இருக்கும். ஒரு சாண்தான் இடைவெளி. பின்னால இருக்கவளுக்கு ரோடு தெரியாது, முன்னால போறவ முதுகுதான் தெரியும். குழி வந்தா முன்னால போறவ கையைக் கீழ நீட்டிக் காட்டணும். அதுதான் வழக்கம். அன்னைக்கி நான்தான் முன்னால போனேன்."

சண்முகசுந்தரி அவளையே பார்த்தாள். "கை காட்டுனியா?"

"காட்டலை."

"நீ பாக்கலையா?"

"பாத்தேன். நான் வளைச்சி ஒதுங்கிட்டேன். நல்ல வேகத்துல போயிக்கிட்டிருந்தோம். கையை எடுத்தா வேகம் கொறையும்னு... ஒரு நொடிதான் ஆகும்மா. காட்டலை. அவ விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்."

சண்முகசுந்தரி எழுந்து, குடிக்காமல் கிடந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஜாய்சி சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கும்போது அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு டம்ளரைச் சண்முகசுந்தரி கழுவிக்கொண்டே நின்றாள்.

மூன்று நாள் ஜாய்சி விடுதியை விட்டு வெளியே வரவில்லை. தேர்வும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மகாராஜனுக்குச் செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தாள். நாலாவது நாள் போன் வந்தது.

"ஏன் வரலை?"

"எப்பிடிம்மா வருவேன்?"

"நாலு மணிக்கி வா."

போனபோது மாடியறையில் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. சண்முகசுந்தரி அதில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுப்ரஜாவின் ஸ்டாப்வாட்ச். சுவரில் இருந்த அட்டவணையை அவள் படித்து மனப்பாடம் செய்திருந்தாள்.

"ஏறு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காப்பி வரவில்லை. பேச்சு இல்லை. ஜாய்சி மிதிக்க, அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஜாய்சி தளர்ந்தால் மட்டும் வாய் திறப்பாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் கெடக்கு."

அல்லது, "அஞ்சுதான் ஆயிருக்கு. இன்னும் ஒண்ணு இருக்கு."

ஒருநாள் ஐந்தாவது முடிந்ததும் ஜாய்சி வாந்தி எடுத்தாள். சண்முகசுந்தரி வாளியை எடுத்து வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தாள். ஜாய்சி மறுபடியும் ஏறினாள்.

அந்தச் சத்தத்தில் அம்பலவாணன் மேலே வந்துவிட்டார். வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார்.

"போதும் சுந்தரி. அந்தப் பிள்ளைய விடு."

"நீங்க கீழ போங்க."

"அது என்ன பாவம் செஞ்சிது?"

அவருக்கு இன்னும் தெரியாது என்பது அப்போதுதான் ஜாய்சிக்குப் புரிந்தது. அவளே சொல்லிவிட வாயெடுத்தாள். சண்முகசுந்தரி கையை உயர்த்தித் தடுத்தாள். அவர் இறங்கிப் போனார்.

மார்கழி தொடங்கியதும் மழை வலுத்தது. தாமிரபரணியில் வெள்ளம் கரைமீறி ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரோடு அறுந்தது. புன்னக்காயலைச் சுற்றித் தண்ணீர் நின்றது. சிலுவைமுத்து போனில் கத்திப் பேசினார்.

"மக்ளே, தண்ணி வடிஞ்சிட்டு. கிறிஸ்மஸுக்கு வந்துருவல்லா? அம்மை கேக்கா."

ஜாய்சிக்குப் போகவேண்டும்போல இருந்தது. அன்று மாலை ஆறாவது முடிந்து இறங்கும்போது சொன்னாள்.

"அம்மா, நாளைக்கி ஊருக்குப் போறேன். நாளன்னைக்கி கிறிஸ்மஸ்."

"சுப்ரஜா போன தீவாளிக்கிம் ஓட்டினா" என்றாள் சண்முகசுந்தரி.

ஜாய்சி ஊருக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்குப் பாளையங்கோட்டைக் கோவிலில் கடைசி வரிசையில் நின்றாள். மாலை நாலு மணிக்கு மாடியறையில் இருந்தாள். இந்த அம்மாள் தன்னை ஜெயிக்க வைக்கிறாளா தண்டிக்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் வரத்தான் வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. ஒருவகையில் அது சுலபமாகவும் இருந்தது. ஓட்டலாமா வேண்டாமா என்று தினமும் தன்னோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாலு மணி, நாற்காலி, வாட்ச். மன்றாட்டு சொல்லி எண்ணுவதைக்கூட விட்டுவிட்டாள். சண்முகசுந்தரியின் முகத்தைப் பார்த்தபடி மிதித்தாள்.

ஜனவரி முதல் வாரம் மழை விட்டது. மகாராஜன் அவளைக் கங்கைகொண்டான் பக்கம் நாற்கர ரோட்டுக்குக் கூட்டிப்போய், தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே காவலாக வந்தார். முதல் கிலோமீட்டரிலேயே அவள் இரண்டு தடவை பிரேக் பிடித்து நின்றாள். ரோட்டில் குழி ஒன்றும் இல்லை, மரத்தின் நிழல்தான்.

"கால்ல பெலம் இருக்குல்லா?" என்றார் மகாராஜன். "பைய போ. நான் பின்னால இருக்கேன்."

நாலைந்து நாளில் பயம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

பொங்கல் கழிந்து சென்னைக்குத் தெற்கே கடற்கரை ரோட்டில் தேர்வு நடந்தது. எதிர்க்காற்று. முப்பத்தொரு பேர் ஓட்டினார்கள். எட்டு வாரம் சுவரைப் பார்த்து ஓட்டிய கால்கள் அவள் நினைத்ததற்கு மேலேயே ஓடின. பதினைந்தாவது கிலோமீட்டரில் நெஞ்சு வெடிக்கும்போல இருந்தபோதும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டாவதாக வந்தாள். பெயரை வாசித்தபோது பக்கத்தில் இருந்த பெண் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஜாய்சிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஓர் ஓரமாய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

திருநெல்வேலியில் இறங்கியதும் நேரே அந்த வீட்டுக்குத்தான் போனாள். சண்முகசுந்தரி வாசல்படியிலேயே நின்றுகொண்டாள்.

"தெரியும். ஒங்க சார் போன் பண்ணுனாரு."

"ஒங்களாலதாம்மா."

"அப்பிடிச் சொல்லாத." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீ ஜெயிக்கணும்னுதான் ஒக்காந்திருந்தேன். பொய் இல்ல. ஆனா நீ அங்கன கெடந்து படுத பாட்டைக் கண்ணால பாக்கணும்னும் ஒக்காந்திருந்தேன். அதுவும் பொய் இல்ல. ரெண்டுல எது கூடன்னு எனக்கே தெரியல. ஒன்னையப் பாக்காட்டா அவ சத்தம் கேக்க மாட்டேங்கு. பாத்தா அவ விழுந்ததுதான் தெரியுது."

ஜாய்சி தலைகுனிந்து நின்றாள்.

"வேலைக்குப் போ. நல்லா இரு. இங்கன மட்டும் இனி வராத."

"சரிம்மா."

"ஸ்டாண்டை வேணும்னா எடுத்துக்கோ."

"வேண்டாம்மா."

சண்முகசுந்தரி உள்ளே போனாள். ஜாய்சி தெருமுனைவரை வந்திருப்பாள், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்பலவாணன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வேகமாக வந்தார். பஸ் நிறுத்தம்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

"நேத்துத்தான் சொன்னா" என்றார் அவர். "அந்தக் கை விஷயம்."

ஜாய்சி தோளில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"மூணு மாசமா செத்த பிள்ளைய ஏசிக்கிட்டிருந்திருக்கேன்." அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். "அதுக்கு முந்தியும் ஏசத்தான் செஞ்சேன். சைக்கிள் எதுக்குட்டி, பரீட்சைக்குப் படின்னு. அவ ஓட்டி ஒருதடவகூட நான் பாத்ததில்ல. போட்டி எங்க நடந்தாலும் பள்ளிக்கூடத்துல வேலைன்னு சொல்லிருவேன்."

வண்ணாரப்பேட்டை பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் ஏறவில்லை.

"நல்லா ஓட்டுவாளா?" என்று கேட்டார்.

ஜாய்சி யோசித்தாள். ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"சமதரை ரோட்டுல நான் கொஞ்சம் முந்துவேன் சார். மேட்டுல அவதான். என்னால அவளைப் பிடிக்கவே முடியாது."

"எந்த மேட்டுல?"

"பாபநாசத்துல இருந்து காரையாறு ஏறுற ரோட்டுல. நான் பாதியில நின்னுருவேன். அவ மேல போயி வெயிட் பண்ணிக்கிட்டு இருப்பா."

அவர் தலையாட்டினார். "எவ்வளவு நேரம் ஆகும் அவளுக்கு?"

அவள் நிமிஷக்கணக்கைச் சொன்னாள். சரியாகக் காதில் விழாததுபோல அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். அடுத்த பஸ் வரும்வரை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.