மெதுவாகப் போனால் கேட்கும்

பழைய சாலையில், நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், இறந்து பதினான்கு மாதமான பல் டாக்டர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த வழியாக சைக்கிளில் போனவர்களில் ஆறு பேர் அதைக் கேட்டிருந்தார்கள். "டேய், கொஞ்சம் நில்லுடா. தண்ணி இருக்கா?" என்பதுதான் வாசகம். குரல் அவருடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் குரலை அரைமணி நேரம் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கேட்ட ஆறு பேரும் அதே இடத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

புதிய நெடுஞ்சாலை திறந்தபிறகு பழைய சாலைக்கு வண்டிகள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பி முப்பத்தெட்டு கிலோமீட்டர் பாலைவனத்தில் போகும் சாலை அது. காலையில் செங்கல் நிறத்தில் இருக்கும் பாறைகள் வெயில் ஏற ஏற வெளுத்துக்கொண்டே வரும். அதற்கப்புறம் மேடு. மேட்டின் உச்சியில் மணல் சட்டென்று முடிந்து காடு தொடங்கிவிடும். நடுவில் ஒரு புதர்கூடக் கிடையாது. முன்சக்கரம் நிழலிலும் பின்சக்கரம் வெயிலிலும் இருக்கிற நொடி ஒன்று உண்டு, அதற்காகவே ஊரில் பத்திருபது பேர் சைக்கிள் வாங்கினார்கள். ஒரு நாளைக்கு நாலு வண்டி வந்தால் அதிகம். இரண்டு வருடம் அப்படிக் கிடந்தபிறகுதான் அங்கே பேசிய பேச்சு கலையாமல் தங்க ஆரம்பித்தது. மற்ற சாலைகளில் பேச்சு டயருக்கடியில் நசுங்கி ஒரு மணி நேரத்தில் இல்லாமல் போய்விடுகிறது. இங்கே நசுக்க ஆளில்லை. முதலில் கண்டுபிடித்தவர் தையற்காரர். போன ஞாயிறு போட்ட தும்மல் அதே வளைவில் தனக்காகக் காத்திருந்ததைக் கேட்டு "யாருங்க அது?" என்றார், அந்த "யாருங்க அது?"வும் அடுத்த வாரம் அங்கேயே இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், தன் மூக்கைப் பற்றி இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டு போனதைப் பன்னிரண்டாவது கல்லில் கேட்டுவிட்டு, மறுநாள் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தி முடித்தார். கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. பேசியவர் என்ன வேகத்தில் போனாரோ ஏறக்குறைய அதே வேகத்தில் போகவேண்டும். வேகமாகப் போனால் கீச்சென்று ஏதோ காதை உரசிப் போகும், அவ்வளவுதான். நடந்துபோனால் ஒன்றுமே கேட்காது. எஞ்சின் வண்டியில் போனால் எஞ்சின்தான் கேட்கும்.

டாக்டரின் தம்பி சாலைத்துறையில் ஓவர்சியர். அண்ணனும் தம்பியும் எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் சேர்ந்து ஓட்டியவர்கள். டாக்டர் நெஞ்சுவலி வந்து மேட்டில் விழுந்து இறந்த அன்று, தான் வெகுதூரம் முன்னால் போய்விட்டதாகவும் பின்னால் நடந்தது எதுவும் தெரியாது என்றும் ஓவர்சியர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சொல்லும்போது அழுதார், அந்த அழுகை உண்மை. ஆனால் அண்ணன் தண்ணீர் கேட்டதற்கு முப்பதடி தள்ளி அவருடைய பதிலும் சாலையில் இருந்தது. அந்தப் பக்கம் தனியாகப் போனபோது அவர் அதைக் கேட்டார். அடுத்த நாளே ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தின் மேல் ஒன்பது தடவை முன்னும் பின்னுமாக ஓட்டினார். சைக்கிளில் திரும்பப் போய்ப் பார்த்தபோது குரல் கொஞ்சம் தட்டையாகியிருந்தது. மற்றபடி ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த டாக்டரின் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னது தையற்காரர்தான், தைத்த துணியைக் கொடுக்க வந்த இடத்தில். "உங்க வீட்டுக்காரர் பேசறாரும்மா" என்றார். சைக்கிளைத் தொட்டறியாத அந்த அம்மாள் நாற்பத்தாறு வயதில் மச்சினரைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு சைக்கிள் கத்துக்கொடுங்க" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று மாதம், தினமும் ஆறு மணிக்கு, மருந்துக் கிடங்குக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் ஓவர்சியர் கற்றுக்கொடுத்தார். தன்னால் முடிந்த அளவு மோசமாகக் கற்றுக்கொடுத்தார். சீட்டை ஒரு விரல் உயர்த்தி வைத்தார். விடவேண்டிய நேரத்தில் பிடித்தார், பிடிக்கவேண்டிய நேரத்தில் விட்டார். "உங்களுக்கு பேலன்ஸ் வராது அண்ணி, சிலருக்கு உடம்புவாகு அப்படி" என்று மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். அண்ணி முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார். ஓவர்சியர் அதே சமயத்தில் ஆபீசில் ஒரு ஃபைலை நகர்த்திக்கொண்டிருந்தார். காட்டுக்கு அந்தப்புறம் இருந்த கல்குவாரி லாரிகளால் நெடுஞ்சாலையில் நெரிசல், பழைய சாலை சும்மா கிடக்கிறது, நாளொன்றுக்கு நானூறு லாரிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்பது அதன் சாரம். ஒரு திங்கட்கிழமையிலிருந்து என்று உத்தரவாகியது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை அண்ணி போன் செய்தார். "திங்கக்கிழமை லாரி வருதாமே. நாளைக்குப் போயிடறேன். நீங்களும் வாங்க, விழுந்தா தூக்கறதுக்கு ஆள் வேணும்." முப்பத்தெட்டாவது கல்வரை இரண்டு சைக்கிளையும் வேனில் ஏற்றிப்போய் இறக்கினார்கள். அண்ணி முன்னால், ஓவர்சியர் பத்தடி பின்னால். மேட்டில் அண்ணியால் நடையைவிடச் சற்றே வேகமாகத்தான் போகமுடிந்தது. முன்சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே ஏறியது. கல்லைத் தாண்டியதும் டாக்டர் தண்ணீர் கேட்டார். அண்ணி மிதிப்பதை நிறுத்தவில்லை. முப்பதடி தள்ளி, கொஞ்சம் இழுவையாக, மச்சினரின் குரல் வந்தது: "நடிக்காதண்ணா. தைரியம் இருந்தா வந்து புடி."

தன் குரலைக் கேட்டதும் ஓவர்சியர் காலை ஊன்றிவிட்டார். அண்ணி இன்னும் கொஞ்ச தூரம் தலையைச் சாய்த்தபடி போய், இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓவர்சியர் பக்கத்தில் வரும்வரை திரும்பவில்லை.

"தண்ணி இருந்துச்சா?"

"ரெண்டு பாட்டில் இருந்துச்சு அண்ணி."

"மேலே போய் என்ன பண்ணீங்க?"

"இருபது நிமிஷம் உக்காந்திருந்தேன். ஒரு பாட்டில் குடிச்சேன்." அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. "எப்பவும் அப்படித்தான் பண்ணுவாரு. நான் முந்தினா போதும், செயின் கழண்டுடுச்சும்பாரு, கால்ல முள்ளும்பாரு. நின்னா சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போயிடுவாரு. அன்னைக்கும் அதான்னு நினைச்சேன்."

"எனக்கு சைக்கிள் வராதுன்னு மூணு மாசம் சொன்னீங்களே, இதுக்குத்தானா?"

"ஆமா."

"லாரி?"

"அதுவும் நான்தான்."

அண்ணி அவரை அடிப்பார் என்று ஓவர்சியர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அண்ணியோ, "அதுக்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கீங்களா?" என்றார்.

"அப்புறமா? அப்புறம் எதுவும் இல்லையே அண்ணி."

"இருக்கு. நீங்க பறந்து போயிருப்பீங்க, கேட்டிருக்காது."

"என்ன சொல்றாரு?"

"உங்களுக்குச் சொன்னது. என் வாயால சொல்லமாட்டேன்." சைக்கிளைத் திருப்பி, இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி தனியாக வேனுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, முதல் லாரி கிளம்புவதற்குள், ஆபீஸ் திறந்ததும் ஓவர்சியர் பெரிய இன்ஜினியர் முன்னால் போய் நின்று, அந்தச் சாலையில் அண்ணனின் குரல் இருக்கிறது, லாரி விடக்கூடாது என்றார். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். "அறுபது இருக்கும் சார்." "அறுபது மீட்டருக்கு மாற்றுப்பாதை போட முடியாதே" என்று யோசித்துவிட்டு, லாரிகள் நெடுஞ்சாலையிலேயே போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'குரல்' என்றே எழுதினார். குவாரிக்காரர்கள் ஒரு மாதம் முறைத்தார்கள்.

லாரி வரவில்லை என்றானதும், டாக்டரின் மனைவியே போய்க் கேட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்ததும், ஊருக்குப் பயம் போய்விட்டது. நாற்பத்தொன்றாவது கல்லைத் தாண்டி எல்லோரும் போனார்கள், எல்லோரும் கேட்டார்கள். ஓவர்சியரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சலூனில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் ஒரு ஞாயிறு போய்விட்டு வந்தாள். அதிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மனைவி மட்டும் ஒருநாள், "பாதி பாட்டிலாவது வெச்சுட்டுப் போயிருக்கலாம் நீங்க" என்றார், பிறகு அவரும் சொல்லவில்லை. அண்ணனின் கடைசி வார்த்தையை அவர்களெல்லாம் கேட்டிருந்தார்களா என்று ஓவர்சியருக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. அது சாபமாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

அதைக் கேட்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடேறும் ஒரு மனிதனின் வேகம் அவர் கால்களுக்குத் தெரியவில்லை. அத்தனை மெதுவாகப் போனால் சைக்கிள் சாய்ந்தது. சாய்ந்துவிடுமே என்று ஒரு மிதி கூடுதலாக மிதித்தால் குரல் கீச்சென்று நழுவிப்போனது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தாறு தடவை விழுந்தார். இரண்டு வருடத்தில் ஒரு மணிக்கட்டு உடைந்தது, முன்பல் ஒன்று போனது. அதைக் கட்டிக்கொள்ள ஊரில் வேறு டாக்டர் இல்லாததால் ஓட்டைப் பல்லோடு இருந்தார். இரண்டாம் வருடக் கோடையில், சாலையோரம் விழுந்து கிடந்தவரைத் தாண்டி அண்ணி போனார். இப்போது அவர் நன்றாக ஓட்டினார். நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், "இன்னும் மெதுவா, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து, வெயில் நாற்பத்திரண்டு டிகிரி அடித்த ஒரு காலையில், ஓவர்சியர் கல்லைத் தாண்டினார். அண்ணன் தண்ணீர் கேட்டதைக் கேட்டார், தான் சொன்னதைக் கேட்டார். காலை ஊன்றவில்லை, மிதியைக் கூட்டவில்லை. பத்தடி போயிருப்பார். மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் கோபமில்லாமல், சிறுவயதில் மூச்சிழுப்பு வந்து பாதி ராத்திரிகள் உட்கார்ந்தே தூங்கிய தம்பியிடம் பேசுகிற குரலில், அண்ணன் சொன்னார்: "சரி, போ. காட்டுக்குள்ள குளிரும்டா... சட்டை ஜிப்பைப் போட்டுக்கோ."

ஓவர்சியர் இப்போதுதான் காலை ஊன்றினார். பிறகு சட்டை ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற மேட்டில் ஏறத் தொடங்கினார். பின்னால் வந்த தையற்காரர் ஒரு தடவை மணியடித்துவிட்டு, வலப்பக்கம் ஒதுங்கி, அவரைத் தாண்டிக் காட்டுக்குள் போனார்.